காய்ச்சலும் குளிர்மலையும்: அல்மோராவிலிருந்து லிங்கி வரை

தமிழில் 'மலைக்குப் போதல்' என்னும் தொடர் நெடுங்காலம் வழிபாட்டையே குறித்து வந்தது. பழனிக்கும் திருத்தணிக்கும் காவடி எடுத்துப் போவதும், திருவண்ணாமலையை வலம் வருவதும், நேர்த்திக்கடன் செலுத்தி மீள்வதும் அத்தொடரின் பொருளாக இருந்தன. மலேசியத் தமிழருக்கு அது பத்துமலையாயிற்று. உடல் இளைப்பாறவும் காட்சி காணவும் மலைக்குப் போதல் என்பது மிகப் பிற்பட்ட வழக்கு. அதற்கென நாம் ஆளும் 'கோடை வாசத்தலம்', 'மலைவாசத்தலம்' ஆகியவையும் பிற்காலத்தில் ஆக்கிக்கொண்ட தொடர்களே. 'மலையேற்றம்' என்பதை ஒரு பொழுதுபோக்கின் பெயராக ஆள்வது இன்னும் புதிது.

இதில் ஒரு வியப்பு உண்டு. மலையைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. குன்று, வெற்பு, பொருப்பு, வரை, சிலம்பு, ஓங்கல் என நிகண்டுகள் அடுக்கும். மலையின் பக்கத்தைச் சாரல் என்றும், அடுக்கிய மலைப்பகுதியை அடுக்கம் என்றும் வேறுபடுத்தும் நுட்பமும் உண்டு. தொல்காப்பியம் நிலத்தை வகுத்தபோது மலைக்கும் மலைசார்ந்த இடத்துக்கும் குறிஞ்சி எனத் தனித்திணையே வகுத்தது. ஆனால் அத்திணையின் மாந்தர் மலையில் வாழ்பவர்கள். தினை விதைப்பவர்கள், தேன் எடுப்பவர்கள். சமவெளியிலிருந்து சில நாள் தங்கிவிட்டு இறங்குவோருக்கு அங்கே இடமில்லை. இத்துணைச் சொல்வளம் உடைய மொழியில் ஓய்வுமலைக்கு ஒரு பழஞ்சொல் இல்லையென்றால், அத்தகைய மலையின் தேவை வேறோரிடத்திலிருந்து வந்தது என்று கொள்ளலாம். அது எங்கிருந்து வந்தது, லிங்கித் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரோடு அதற்கு என்ன தொடர்பு என்பதே இவ்வுரையின் பொருள்.

இமயச் சாரலில் தொடங்கிய வழக்கம்

1814 முதல் 1816 வரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் கூர்க்கர்களுக்கும் போர் நடந்தது. 1815இல் குமாவுன் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் தலைமை ஊர் அல்மோரா. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், குதிரைச் சேணம் போன்ற வளைந்த மலைமுகட்டின்மீது அமைந்த ஊர் அது. சந்த் அரசர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே அதைத் தலைநகராக்கிக்கொண்டனர். பிற மலைவாசத்தலங்கள் பலவும் ஆங்கிலேயர் காலத்தில் உருவானவை. அல்மோரா அவர்கள் வருமுன்பே கோயிலும் கடைத்தெருவும் குமாவுனி மொழியும் கொண்டு வாழ்ந்த ஊர்.

அப்போருக்குப் பின் சிம்லா, முசௌரி, லண்டோர் போன்ற தலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. நோயுற்ற படைவீரர் தேறுவதற்கான இடங்களாகவே அவற்றுட் சில தொடங்கின. 1864இல் சிம்லா இந்திய அரசின் கோடைக்காலத் தலைநகராயிற்று. அழகு பின்னால் வந்த காரணம், அச்சமே முதற்காரணம். சமவெளியின் காய்ச்சல் அயலாரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. சதுப்புநிலத்தின் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று அக்கால மருத்துவம் நம்பியது. 'மலேரியா' என்னும் சொல்லே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள்படும். கெட்ட காற்று எட்டாத உயரத்திற்கு ஏறிவிட்டால் பிழைக்கலாம் என்பது கணக்கு. காரணம் தவறு, ஆனால் கண்டறிந்த நிகழ்வு சரி. குளிர்ந்த உயரத்தில் காய்ச்சல் உண்மையாகவே குறைவு.

இன்று அல்மோராவுக்குச் செல்வோர் தேவதாரு மரநிழலில் நடக்கிறார்கள். பின்சர் காட்டின் உச்சியிலிருந்து 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியின் பனிமுடியைக் காண்கிறார்கள். பாகேசுவரம் வழியாகப் பிண்டாரிப் பனியாற்றை நோக்கி மலையேறுகிறார்கள். அவ்வழிகளில் நிலவும் அமைதியை இயற்கை தந்தது. அந்த அமைதியைத் தேடிச் சமவெளியார் ஏறும் வழக்கத்தைத் தந்தது காய்ச்சல்.

நீலமலையும் மொழி ஆய்வும்

தமிழகத்தில் இவ்வழக்கம் நீலமலையில் வேரூன்றியது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார்; 1822இல் அங்கே கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதைக் 'கல் பங்களா' என்று வழங்கினர். அவர் தேடியதும் குளிர்ந்த காற்றையும் உடல்நலத்தையுமே. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் உதகை சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகராக வளர்ந்தது.

உதகமண்டலம் என்னும் பெயரைச் சற்று நோக்குவோம். தோடர்கள் தம் குடியிருப்பை வழங்கும் சொல்லைத் தமிழர் 'மந்து' என்பர். அச்சொல்லைக் கொண்ட ஒரு தோடர் குடியிருப்பின் பெயரை ஆங்கிலேயர் 'ஊட்டகமண்ட்' என்று திரித்தனர். அந்தத் திரிபு தமிழில் நுழைந்தபோது 'உதகம்' என்னும் நீரைக் குறிக்கும் வடசொல்லோடும், 'மண்டலம்' என்பதோடும் ஒட்டவைக்கப்பட்டது. பொருள் விளங்காத பெயருக்குப் பொருள் விளங்கும் உருவம் கொடுப்பது மக்கள் இயல்பு. மலாய் மொழியில் கல்லைக் குறிக்கும் 'பாத்து' தமிழர் நாவில் 'பத்து' ஆகிப் பத்துமலை பிறந்ததும் இவ்வாறே. இவை பிழைகள் அல்ல; வேற்றுநிலத்தைத் தன் மொழிக்குள் குடியேற்றும் முயற்சிகள். ஆயினும் குடியேறும் பெயர், முன்னிருந்தோரின் பெயரை மறைத்துவிடுகிறது என்பதையும் மறக்கலாகாது.

மலைவாசத்தலங்களுக்குத் திராவிட மொழியியலும் கடன்பட்டிருக்கிறது. உதகையில் பள்ளி நடத்திய ஜி. யு. போப் தோடர் மொழியின் இலக்கணச் சுருக்கம் ஒன்றை எழுதினார்; அது 1873இல் வெளிவந்தது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் தம் இறுதி நாள்களைக் கோடைக்கானலில் கழித்து, 1891இல் அங்கேயே மறைந்தார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. 1930களில் எமனோ நீலமலையில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தார். ஓய்வுக்காக அமைந்த மலைகளில்தான் எழுத்தில்லா மொழிகளின் இலக்கணமும் எழுதப்பட்டது.

சிங்கோனாவும் நீரிணைக் கைதிகளும்

காய்ச்சலுக்கு மருந்து தென்னமெரிக்கச் சிங்கோனா மரத்தின் பட்டை. நம் பாட்டிமார் 'கொயினா' என்று வழங்கிய கசப்பு மருந்து அதிலிருந்து எடுக்கப்பட்டதே. 1860ஆம் ஆண்டையொட்டி கிளெமென்ட்சு மார்க்கம் சிங்கோனாவை இந்தியாவுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். நீலமலையில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசே தோட்டங்களை அமைத்தது.

அத்தோட்டங்களில் உழைத்தவருள் ஒரு பகுதியினர் மலாயாவோடு தொடர்புடையவர்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் தண்டனை பெற்ற சீனக் கைதிகள் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அவர்களை நீலமலைக்கு ஏற்றிச் சிங்கோனாத் தோட்ட வேலையில் அமர்த்தினர். விடுதலைக்குப் பின் சிலர் நடுவட்டத்தின் அருகே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து குடும்பங்களாயினர். எட்கர் தர்சுடன் அக்குடும்பங்களைக் கண்டு தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் கப்பல்கள் சென்றன. இந்தியக் கைதிகள் நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கொண்டுவரப்பட்டுச் சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பினர். சிங்கப்பூரின் தூய ஆந்திரேயர் பேராலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. 1873 வரை அவர்கள் அங்கே இருந்தனர். இரு கரைகளின் தண்டனை பெற்ற மக்களும் கடல் மாறி உழைத்தனர். ஒருவர் எழுப்பியது சாலை. மற்றவர் வளர்த்தது மருந்து.

அல்மோராவில் பிறந்தவர்

1857 மே 13ஆம் நாள், மீரட்டில் கிளர்ச்சி வெடித்த மூன்றாம் நாள், அல்மோராவில் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரிக்கு ஒரு மகன் பிறந்தான். ரொனால்டு ராசு என்னும் அக்குழந்தை பின்னாளில் மருத்துவராகிச் சென்னை மாகாணத்தில் பணியேற்றது.

1897இல் ராசு விடுப்பில் உதகைக்கு வந்தார். காய்ச்சல் எட்டாத இடம் எனப் பெயர்பெற்ற நீலமலையின் சீகூர்ச் சரிவில், காப்பித் தோட்டப் பகுதிக்கு ஆராய்ச்சிக்காக இறங்கியபோது அவருக்கே மலேரியா கண்டது. அங்கேதான், மற்றக் கொசுக்களைப்போல் அமராமல் வாலை உயர்த்திச் சாய்ந்து அமரும், சிறகில் புள்ளிகொண்ட ஒருவகைக் கொசுவை அவர் கவனித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில், அத்தகைய கொசுவின் வயிற்றில் காய்ச்சல் கிருமியைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மலைவாசத்தலம் என்னும் எண்ணம் கெட்ட காற்றின்மீது கட்டப்பட்டது. அத்தகைய மலையூர் ஒன்றில் பிறந்தவரே கெட்ட காற்றுக் கொள்கை வீழக் காரணமானார். ஏறினால் தப்பலாம் என்பதே இருந்த ஒரே வழி. இனி இருந்த இடத்திலேயே நோயைத் தடுக்கலாம் என்றாயிற்று. அந்த வழி யாருக்கு முதலில் திறந்தது என்பதை மலாயாவின் வரலாற்றில் காண்போம்.

மலாயாவின் ஓய்வுமலைகள்

பினாங்கில் பிரான்சிசு லைட் 1788இலேயே மலைமேல் குதிரை செல்லப் பாதை வெட்டுவித்தார். கொடிமரம் நின்ற அம்மலையைத் தமிழர் கொடிமலை என்கின்றனர். 1923இல் கயிற்றிழுவை இரயில் ஓடத் தொடங்கும்வரை, நடக்க இயலாதவரை நாற்காலியில் வைத்து மனிதர் தோள்களே சுமந்தன. தைப்பிங்கை அடுத்த மேக்சுவல் மலை 1884இல் அமைந்தது. 1979 முதல் அதன் பெயர் புக்கிட் லாருட். வெள்ளீயம் தேடிய லூயி ஜேம்சு பிரேசரின் பெயர்கொண்ட மலையில் 1922இல் ஓய்வுத்தலம் திறக்கப்பட்டது. அங்கே ஓய்வெடுக்கக் காரில் சென்ற பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி 1951 அக்டோபர் 6ஆம் நாள் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவசரகாலத்தில் அமைதியைத் தேடிய பயணமும் அவ்வளவு எளிதாக இல்லை.

வில்லியம் கேமரன் 1885இல் அளந்த மேட்டுநிலம் நாற்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1930களின் தொடக்கத்தில்தான் தாப்பாவிலிருந்து சாலை எட்டியது. 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் தமிழர் கொழுந்து பறித்தனர். பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்தது. அவர்களுக்கு முன்பே அம்மலைகளில் வாழ்ந்தவர் செமாய் மக்கள். அவர்கள் பேசும் மொழி மலாயோடு உறவுடையதன்று. மோன், கெமேர் மொழிகளைக் கொண்ட ஆத்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீலமலைக்குத் தோடர் எப்படியோ, கேமரன் மலைக்குச் செமாயர் அப்படி. ஆனால் வரைபடத்தில் நின்ற பெயர் அளக்க வந்தவருடையது.

லிங்கியின் ஓடைகள்

கேமரன் மலையும் பிரேசர் மலையும் தித்திவாங்சா மலைத்தொடரில் உள்ளவை. அத்தொடரின் தென்பகுதி நெகிரி செம்பிலானில் தாழ்ந்து, குன்றுகளும் பள்ளத்தாக்குகளுமாகப் பிரிகிறது. சிரம்பான் பக்கத்திலிருந்து ஓடிவரும் லிங்கி ஆறு, மலாக்கா எல்லையில் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் சுங்கை ஊஜோங்கின் வெள்ளீயம் அவ்வாற்றின் வழியே இறங்கியது. ஊர்ப்பெயரை இலிங்கத்தோடு தொடர்புபடுத்த நம் மாணவர்க்கு ஆசை எழலாம். ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது. மலாயில் படகின் முனைமரத்தைக் குறிக்கும் 'லிங்கி' என்னும் சொல் இருக்க, ஆற்றங்கரை ஊருக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை என்பாரும் உளர்.

இலங்கையில் 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. தோட்டக்காரர் சிலர் மலாயாவுக்கு வந்து காப்பி பயிரிட்டனர். அந்நூற்றாண்டின் இறுதியில் காப்பி விலை சரிய, அதன் இடத்தை ரப்பர் பிடித்தது. 1910ஆம் ஆண்டின் ரப்பர் எழுச்சியில் லிங்கியின் பெயர் இலண்டன் பங்குச்சந்தை வரை அறியப்பட்டது. காட்டை வெட்டியவர்களும், பால்மரம் நட்டவர்களும், பால் வெட்டியவர்களும் பெரும்பாலும் தமிழர்.

அவர்களைக் காய்ச்சல் கொன்றது. கிள்ளானில் 1901 முதல் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்த மருத்துவர் மால்கம் வாட்சன், மேட்டுநிலத் தோட்டங்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஓர் உண்மையைக் கண்டார். கடற்கரைச் சமநிலத்தில் காட்டை அழித்து நீரை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. குன்றுநிலத்திலோ காட்டை அழித்தபின் காய்ச்சல் பெருகியது. நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலுக்குத் திறந்ததும், தெளிந்த அந்நீரில் அனாபிலிசு மேக்குலேட்டசு என்னும் கொசு பெருகியதே காரணம். தேங்கிய சேற்றில்தான் நோய் பிறக்கும் என நம்பியவருக்கு, பளிங்குபோன்ற ஓடையே எமனாயிருந்தது. வாட்சன் 1911இல் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை எழுதியவர் ரொனால்டு ராசு. அல்மோராவில் பிறந்தவரின் அறிவு, நெகிரி செம்பிலான் போன்ற குன்றுநிலத் தோட்டங்களின் ஓடைக்கு வந்து சேர்ந்த வழி இது. நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய் தெளித்தலும் கொயினாவும் சேர்ந்து, மெல்ல மெல்லச் சாவைக் குறைத்தன.

இங்கே நாம் ஒன்றைக் கருத வேண்டும். காய்ச்சலுக்கு அஞ்சியவர்களுள் மலையேற இயன்றவர் ஏறினார். ஏற இயலாதவர் ஓடைக்கரை லயத்திலேயே இருந்தார். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் முடிவுற்றது; கங்காணி முறையில் ஆள்சேர்த்து அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதிகாரிகள் குளிர்மலைக்கு விடுப்பில் சென்றனர். பால்வெட்டுக்காரருக்கு வாய்த்த மலைப்பயணம் காவடி ஒன்றே. ஓய்வுமலையும் தோட்டமும் வெவ்வேறு உலகங்கள் அல்ல. ஒரே பொருளாதாரத்தின் மேல்தளமும் கீழ்த்தளமும் ஆகும்.

சொற்கள் வைத்திருக்கும் சான்று

இவ்வேறுபாட்டைத் தோட்டத் தமிழ் நன்கு அறிந்திருந்தது. 'பெரட்டு' என்னும் காலை அணிவகுப்பு ஆங்கிலத்திலிருந்து வந்தது. வரிசை வீடுகளைக் குறிக்கும் 'லயம்' ஆங்கிலச் சொல்லின் திரிபே; இசையின் லயத்தோடு அதற்கு உறவில்லை. 'பங்களா' என்பது நீலமலையிலும் மலாயாவிலும் துரையின் வீட்டைக் குறித்தது. பெரும்பாலும் மேட்டில் நின்ற வீடு. மேடு, பள்ளம் என்னும் இயல்பான நிலச்சொற்கள் தோட்டத்தில் மனிதர் நிலையையும் சுட்டலாயின.

இலங்கையில் வேறொன்று நிகழ்ந்தது. நுவரெலியாவைச் சூழ்ந்த மலைகளில் காப்பிக்கும் தேயிலைக்கும் சென்ற தமிழர், 'மலையகம்' என்னும் சொல்லைத் தம் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டனர். பிறர் ஓய்வெடுக்க வந்த மலையைத் தம் அகம் என்று அழைத்தனர். குறிஞ்சித் திணையின் பழைய பொருள், மலை வாழ்விடம் என்னும் பொருள், அச்சொல்லில் மீண்டும் உயிர்பெற்றது. தமிழ்ச் சொல்லாக்கத்தில் இதற்கு நிகரான பெருமிதம் மிகச் சிலவற்றுக்கே உண்டு.

லிங்கிப் பகுதியில் அவ்வாறு ஒரு சொல் நிலைபெறவில்லை. பால்மரம் செம்பனைக்கு இடம் தந்தது. குடும்பங்கள் சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் அதற்கு அப்பாலும் பெயர்ந்தன. லயம் இடிந்தால் அதன் பெயரும் போகிறது. ஓடைக்கும் மேட்டுக்கும் கோயில் முனைக்கும் தோட்டமக்கள் இட்ட பெயர்கள் எந்த வரைபடத்திலும் ஏறியவை அல்ல. அவற்றை வைத்திருப்பவை முதியோரின் நாக்குகள் மட்டுமே.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது

இன்று நம் மாணவர்கள் விடுமுறையில் கேமரன் மலைக்குச் செல்கிறார்கள். அங்சி மலையும் டத்தோ மலையும் ஏறுகிறார்கள். வசதி வாய்த்தவர் இமயம் வரை செல்கிறார்கள். இது மகிழத்தக்கது. முன்னோர்க்கு மறுக்கப்பட்ட குளிர்காற்று வழித்தோன்றல்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் செல்பவர் மூன்று வினாக்களை உடன் கொண்டுசெல்ல வேண்டும். இம்மலைக்கு முதலில் பெயரிட்டவர் யார்? இங்கே பாதை வெட்டியவர் யார்? இங்கு வர இயலாமல் கீழே இருந்தவர் யார்? மூன்றாம் வினாவுக்கு விடை சுற்றுலா வழிகாட்டியில் கிடைக்காது. லிங்கிபோன்ற ஊர்களில்தான் கிடைக்கும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் இது. ஒவ்வொரு வகுப்பும் தன் வட்டாரத்து முதியவர் சிலரை அணுகி, தோட்டத்தில் வழங்கிய இடப்பெயர்களைக் கேட்டு எழுதட்டும். மேட்டின் பெயர், ஓடையின் பெயர், கிணற்றின் பெயர், வழிநடையின் பெயர் என வகைப்படுத்தட்டும். சொன்னவர் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் வாழ்ந்தார் என்பதையும் குறிக்கட்டும். ஒலியை உள்ளவாறே எழுத வேண்டும்; 'திருத்தி' எழுதலாகாது. உதகமண்டலத்தின் அடியில் ஒரு தோடர் சொல் மறைந்து கிடப்பதுபோல, நாம் திருத்தும் ஒவ்வொரு வடிவின் அடியிலும் ஒரு வரலாறு மறையக்கூடும்.

போப் தோடர் மொழிக்கு எழுதியது ஒரு சிறு இலக்கணச் சுருக்கம்தான். எமனோ போன்றோர் பின்னாளில் எழுப்பிய பெரும்பணிக்கு முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. பள்ளிக் குறிப்பேட்டில் எழுதப்படும் ஐம்பது ஓடைப்பெயர்களும் அத்தகைய தொடக்கமே. கேட்டு எழுதுவதற்கு உரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் மலைக்குப் புறப்படுமுன், ஒரு மாலைப்பொழுதை அவர்களுக்குக் கொடுப்போம்.